இந்த மாதம் யார் முறை?

மூலக்குளம் சிக்னலில் வண்டியை நிறுத்தினால் தலைக்கு மேலே ஒரு பேனர் தெரியும். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று கொட்டை எழுத்தில் போட்டு, தேறிய பிள்ளைகளின் முகங்களைத் தபால்தலை மாதிரி வரிசையாக அடித்திருப்பார்கள். ஓரத்தில் பள்ளித் தாளாளர் கும்பிட்டபடி நிற்பார். அந்தப் பேனரில் இல்லாத முகங்களைத்தான் நான் ஒவ்வொரு முறையும் தேடுகிறேன்.

நூறு சதவீதம் வருவதற்கு இரண்டு வழி உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பது ஒரு வழி. தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பு முடிந்ததுமே டி.சி. எழுதி வெளியே அனுப்புவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் சத்தமே வராது. அனுப்பப்பட்ட பிள்ளையின் வீட்டில்கூட அது கேட்காது. "எம் பொண்ணுக்குப் படிப்பு ஏறல" என்று அம்மாவே சொல்லிவிடுவாள்.

விசாலாட்சி டீச்சர் அந்த இடத்தில்தான் சத்தம் போட்டார். அவருக்கு வேறு எதுவும் வராது.

வில்லியனூர் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்தவரின் மகள் அவர். கல்லாவில் உட்காரப் பழகட்டும் என்று அப்பா வணிகவியல் சேர்க்கப் போனபோது, கணக்குத்தான் படிப்பேன் என்று வாசலிலேயே நின்று சண்டை போட்டுக் கணக்குப் படித்தார். வேலைக்கு வந்தபோது அன்றைய தாளாளர், அதாவது இன்றைய தாளாளரின் அப்பா, "கோவம் வருமாம்மா?" என்று கேட்டாராம். "வரும்" என்றாராம் இவர். "அப்ப கரையாம்புத்தூர் போ. அங்கதான் பசங்க தூங்குறானுங்க" என்று எல்லையோரப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார். அப்போது போனவர்தான். பக்கத்தில் மாற்றித் தருகிறோம் என்று எத்தனையோ முறை சொல்லியும் வரவில்லை. காலையில் வில்லியனூரில் பஸ் ஏறி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே குலுங்கிக்கொண்டே நோட்டு திருத்தி, இறங்கும்போது நடத்துனரோடு ஒரு வாக்குவாதம் முடித்துவிட்டு வகுப்புக்குள் நுழைவார். பிள்ளைகளை அடித்ததில்லை. சாக்பீஸ் உடைந்தால் சாக்பீஸைத் திட்டுவார். அவர் கணவர் இராமச்சந்திரன் வீட்டுக்குக் கீழேயே எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். "எம் பொண்டாட்டிக்கு வூட்டுக்கு ஒண்ணு, ஸ்கூலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வோல்ட்டேஜ் கெடயாது" என்பார்.

நான் பல ஆண்டு ஊர் ஊராக வேலை பார்த்துச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, கரையாம்புத்தூர் பள்ளியில் தற்காலிக ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தேன். முதல் நாள் என் முதுகுப்பையை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடி இது, க்ளாஸுக்குப் போறியா, மலையேறப் போறியா?"

"பழக்கம், டீச்சர்."

"எறக்கி வையி. இங்கயே இருக்கப் போறவ மாதிரி நில்லு. பசங்க மொதல்ல அதத்தான் பாப்பாங்க."

எங்கள் அறக்கட்டளைக்கு நான்கு பள்ளிகள். கரையாம்புத்தூர், பாகூர், வில்லியனூர், மூலக்குளம். மூலக்குளத்தில் இருப்பதுதான் பெரியது, கண்ணாடி வைத்தது. நான்கிலும் தலைமையாசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்றார்கள் அல்லது கோபித்துக்கொண்டு போனார்கள். அந்த நாற்காலிகளில் ஆள் போடுவதற்குப் பதிலாக, தாளாளர் சிங்காரவேலு சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். பயிற்சியின் பெயர் கூட்டுத் தலைமை. இனிமேல் தலைமை ஒருவர் தலையில் இல்லை, உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது என்று அந்தப் பயிற்சியாளர் சொன்னார். பலூன் ஊதச் சொன்னார். ஊதினோம்.

பாகூர் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் வீரமணி எனக்குப் பின்னால் இருந்து குனிந்தார். அவர்கள் பள்ளியில் பெருக்குகிற அம்மா நின்று போய் அந்த இடமும் காலியாகவே இருந்தது.

"கூட்டுத் தலைமைன்னா இன்னா தெரியுமா? தலைமை நாமளே, கூட்டுறதும் நாமளே. தொடப்பத்த கையில குடுத்துட்டுத்தான் போவான் பாரு இந்த ஆளு."

பின் வரிசை முழுக்கச் சிரித்தது. பயிற்சியாளர் தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறோம் என்று நினைத்து அவரும் சிரித்தார்.

பிறகு சார்ட் பேப்பர் கொடுத்து, தலைமை என்றால் மனதில் வருவதை வரையச் சொன்னார். விளக்கு வரைந்தார்கள், படகு வரைந்தார்கள். வீரமணி ஒரு வாய்க்காலும் அதிலிருந்து பிரியும் மடைகளும் வரைந்தார். அவர் வீட்டுக்குப் பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் வயல் உண்டு.

"முறைத் தண்ணி சார் இது" என்று பயிற்சியாளருக்கு விளக்கினார். "இன்னிக்கு என் முறைன்னா என் மடைதான் தெறந்திருக்கும். எவ்ளோ பெரிய பண்ணக்காரனா இருந்தாலும் வந்து அடைக்க முடியாது. எனக்கு வேணான்னா, யாரு பயிரு காயுதோ அவனுக்கு வுட்டுக் குடுக்கலாம். அவ்ளோதான்."

விளையாட்டாகத்தான் சொன்னார். விசாலாட்சி டீச்சர் எழுந்துவிட்டார்.

"அப்டியே செய்வோம். மாசத்துக்கு ஒரு ஸ்கூலு முறை. அந்த மாசம் நாலு ஸ்கூலுக்கும் அவங்கதான் தலைமை. சீலு, பச்சப் பேனா, கையெழுத்து எல்லாம் முறைக்காரங்க கையில. சும்மா பேருக்குன்னா எனக்கு வேணாம்."

தாளாளரும் நிலக்காரர். கரும்பும் நெல்லுமாக இரண்டு ஊரில் நிலம். தன் வயல் பேச்சு தன் பள்ளிக்குள் வந்ததில் அவருக்கு ஏகக் குஷி. மைக்கை வாங்கினார். "முறைக்காரன் மடையில நானே மம்புட்டி வைக்க மாட்டேன்!" என்றார். ஒரே கைதட்டல். விசாலாட்சி டீச்சர் மட்டும் தட்டவில்லை.

"கேட்டுக்கினியா?" என்றார் என்னிடம். "மைக்குல சொல்லிட்டாரு."

அப்படித்தான் ஒரு ஜாமெட்ரி பாக்ஸுக்குள் ரப்பர் சீலும் பச்சை மைப் பேனாவும் போட்டு, அது மாதா மாதம் பள்ளி விட்டுப் பள்ளி போகத் தொடங்கியது. தாளாளர் நினைத்தது வேறு. நாலு மேடையில் பேசலாம், நாற்காலியில் ஆள் போடும் வேலை மிச்சம். பேசவும் செய்தார். புதுமையான நிர்வாகம் என்று ஒரு சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. கல்வித்துறைக்கும் பள்ளிக்கு ஒருவராக முறைக்காரர்களின் பெயர்களை எழுதி அனுப்பிவிட்டார். தன் ஆசிரியர்கள் அதை நிஜமென்று எடுத்துக்கொள்வார்கள் என்று மட்டும் அவர் நினைக்கவில்லை.

எடுத்துக்கொண்டார்கள். மூலக்குளத்தில் கண்ணாடிக்குள் பூட்டி வைத்து, வருகிற பெற்றோருக்கு மட்டும் காட்டிக்கொண்டிருந்த ஆய்வகத்தைச் சனிக்கிழமைகளில் நாலு பள்ளிப் பிள்ளைகளுக்கும் திறந்தார்கள். அங்கே அறிவியல் எடுக்கும் சுரேஷ்குமார் வெள்ளிக்கிழமைகளில் கரையாம்புத்தூர் வந்தார். பதிலுக்கு விசாலாட்சி டீச்சர் மூலக்குளம் போய்க் கணக்கு எடுத்தார். வில்லியனூர் மகாலட்சுமி டீச்சர் தன் முறையில், வெயிலில் நிற்க வைக்கும் காலைக் கூட்டத்தைப் பாதியாக வெட்டினார்.

கூட்டுத் தலைமை என்றால் ஒற்றுமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டைதான். நேர அட்டவணைக்காக மகாலட்சுமியும் வீரமணியும் ஒரு பருவம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அது அவர்களுடைய சண்டை. மேலே இருந்து யாரும் வந்து தீர்த்து வைக்கவில்லை, அவர்களேதான் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் பார்த்த எத்தனையோ வேலை இடங்களில் மனிதர்கள் அப்படிச் சண்டை போட்டுப் பார்த்ததில்லை. முணுமுணுத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

சுரேஷ்குமார் மட்டும் சண்டைக்கும் வரமாட்டார். நல்ல ஆசிரியர். ஆனால் தாளாளர் போன் செய்தால் எழுந்து நின்று பேசுவார். வண்டியில் போகும்போது போன் வந்தால் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, ஹெல்மெட்டோடு நின்று "ஐயா, ஐயா" என்பார்.

"போன்ல அவருக்கு இன்னா தெரியப் போவுது, நீ ஒக்காந்து பேசறியா நின்னு பேசறியான்னு?" என்று விசாலாட்சி டீச்சர் திட்டுவார்.

"கொரல்ல தெரிஞ்சிடும் டீச்சர்" என்பார் சுரேஷ்.

மே மாதம் கரையாம்புத்தூர் முறை. ஒன்பதாம் வகுப்பு முடிவுகள் வந்த வாரம், தாளாளரின் கார் வந்து நின்றது. கையில் ஒரு கட்டு டி.சி. எல்லாம் எழுதித் தயாராக இருந்தது. முறைக்காரர் கையெழுத்தும் சீலும்தான் பாக்கி.

"கொஞ்சம் கையெழுத்து இருக்குது டீச்சர். நாலு ஸ்கூலுக்கும் சேத்து."

டீச்சர் மேலே இருந்ததை எடுத்துப் படித்தார். "கீர்த்திகா. இது எதுக்கு?"

"கணக்குல வீக்குன்னு நீங்கதான மார்க்கு போட்டிருக்கீங்க?"

டீச்சரின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். தன் கையால் போட்ட மதிப்பெண்ணையே எடுத்து வந்து அவர் முன்னால் வைக்கிறார்கள்.

"எங்க வீக்குன்னு தெரிஞ்சிக்கத்தான் மார்க்கு போட்டேன், ஐயா. தூக்கிப் போடறதுக்கு இல்ல."

"பேரண்ட்ஸே விருப்பப்பட்டுக் கேட்டிருக்காங்க. கையெழுத்து இருக்குது பாருங்க."

"யாரு போயி அவங்களக் கேக்க வச்சது? 'பத்தாவதுல ஃபெயிலானா புள்ள பேரு கெட்டுடும், இப்பவே எங்கனா தையல் கிய்யல் சேத்துடுங்க'ன்னு ஆபீஸ்ல கூப்ட்டு சொன்னா அவங்க இன்னா செய்வாங்க?"

தாளாளர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. குழந்தையிடம் பேசுவது போலப் பேசினார்.

"இத பாருங்க டீச்சர். கூட்டுத் தலைமைன்னா கூடிப் பேசுங்க. லேப தெறந்தீங்க, நான் ஒண்ணும் சொல்லல. அசெம்ப்ளிய கொறச்சீங்க, ஒண்ணும் சொல்லல. ரிசல்ட்டு வேற. அந்த முடிவ நான் எடுக்குறேன்."

"ஐயா, இந்த மாசம் என் முறை."

தாளாளர் சிரித்தார். கட்டை எடுத்துக் கார் சீட்டில் போட்டார்.

"நான் மம்புட்டி வைக்கல டீச்சர். உங்க மாசம் முடியட்டும். ஜூன் யாரு முறை? சுரேஷ்குமாரா? சரி."

கார் போனது. டீச்சர் அங்கேயே நின்றார். மே மாதத்துக்கு முடிவு உண்டு என்பது அவருக்குத் தெரியாததா?

கீர்த்திகாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குத் தனித் திறமை எதுவும் கிடையாது. பாட வராது, ஓட வராது. வகுப்பில் அடக்க முடியாமல் சிரிப்பாள். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் ஏன் வருகிறது என்று வருடம் முழுக்க நம்பாமல் இருந்தாள். அம்மா தனக்கொடி கரும்பு வெட்டுக்குப் போகிறவர். இப்படி எழுதும்போது, அவளிடம் மறைந்து கிடக்கும் ஏதோ ஒன்றைச் சொல்லி வாசிப்பவர்களை இளக வைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் உட்கார ஒரு பிள்ளைக்கு ரகசியத் திறமை எதற்கு? பிள்ளையாக இருந்தால் போதாதா?

ஜூன் பிறந்தது. ஜாமெட்ரி பாக்ஸ் மூலக்குளம் போனது. பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, வில்லியனூரில் டீச்சர் வீட்டு மாடியில் நான் இருந்தேன். சாயங்காலம். சுரேஷ்குமார் படி ஏறி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பாக்ஸை டீபாய் மேல் வைத்தார்.

"டீச்சர், என் முறைய உங்களுக்கே வுட்டுட்றேன்."

"எதுக்கு?"

"யாரு பயிரு காயுதோ அவங்களுக்கு வுட்டுக் குடுக்கலாம்னு வச்சிருக்கோம் இல்ல? உங்க பயிருதான டீச்சர் காயுது. நீங்களே வச்சிக்குங்க. நீங்க போட மாட்டீங்க. புள்ளங்களும் தப்பிச்சிடும்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. நல்ல யோசனை என்றே நினைத்தேன். பார்த்தால் டீச்சரின் கழுத்து நரம்பு எழும்பியிருந்தது.

"அடுத்த மாசம்?"

"மகாலட்சுமி மேடமும் உங்களுக்கே வுட்டுட்றேன்னாங்க. வீரமணியும் ஆகஸ்ட்ட தர்றேன்னாரு. நாங்க மூணு பேரும் பேசிட்டோம்."

"ஓ. கூடிப் பேசினீங்க."

"ஆமா டீச்சர்."

"நான் இல்லாம."

சுரேஷ் ஹெல்மெட் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"டேய், அது என் பயிராடா?" குரல் கீழே கடை வரை போயிருக்கும். "அந்தப் பொண்ணுக்கு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சயின்ஸ் எடுத்தது யாரு? மூலக்கொளத்துலேருந்து அனுப்புறானுங்களே, அதுல பாதி உன் க்ளாஸு பசங்க இல்ல? நாலு ஸ்கூலு பயிரு காயுது. நீங்க மூணு பேரும் தண்ணிய கொண்டாந்து என் கொல்லையில வுட்டுட்டு வரப்பு மேல நின்னு வேடிக்க பாப்பீங்க. லேப தெறக்கும்போது எல்லாரும் தலைவரு. அவரு மூஞ்சிய பாத்து இல்லன்னு சொல்ல மட்டும் விசாலாட்சி. அதுக்கு பேரு கூட்டுத் தலைமையா? இதுக்கு பழைய எச்செம்மே தேவல. அந்தாளு கெட்டதையும் தானே செஞ்சான்."

"எனக்கு பயமா இருக்குது டீச்சர்."

"எனக்கு மட்டும் இனிப்பா இருக்குதா?"

பாக்ஸை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"உன் முறை. போடணும்னா போடு கையெழுத்து. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா போட்ட கையால நீயே கொண்டு போயி அந்தப் பொண்ணு வூட்ல குடு. ஆபீஸுக்குக் கூப்ட்டு குடுக்காத. வூட்டுக்குப் போ. எங்க இருக்குதுன்னு இவ காட்டுவா."

இவ என்றது என்னை. இராமச்சந்திரன் மாடிப்படியில் காபித் தட்டோடு நின்றவர், உள்ளே வராமல் அப்படியே திரும்பி இறங்கினார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சுரேஷ் போட்டுவிடுவார் என்றே நினைத்தேன். கையில் வந்த முறையை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டு, இந்த நடுங்கி கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாரே என்று டீச்சர் மேலேயே கோபம் வந்தது. சொன்னேன்.

"போட்டா போட்டும்" என்றார். "எத்தினி மாசம் நான் ஒருத்தியே புடிச்சிக்கினு நிக்கிறது? நான் வுழுந்தா அவரு ஒரு நாள்ள எல்லாத்தையும் அனுப்பிடுவாரு." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுதாரா தெரியாது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

மறுநாள் காலை சுரேஷ்குமாரைக் கீர்த்திகா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். டி.சி. கட்டை முந்தின நாளே தாளாளர் அவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அதைக் கையெழுத்துப் போடாமலே பையில் வைத்திருந்தார். ஏன் கொண்டு வருகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

தனக்கொடி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழவில்லை.

"இன்னா, குடுக்க வந்துட்டீங்களா?"

"இல்லம்மா, சும்மா…" என்றார் சுரேஷ்.

"சும்மா யாரு சார் இவ்ளோ தூரம் வர்றா? குடுங்க. வச்சிக்கினு இன்னா பண்றது." சாம்பல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். "ஒண்ணாவதுலேருந்து உங்க ஸ்கூலுதான் சார். ஒம்போது வருஷம் சொல்லிக் குடுத்தும் வரலன்னா அது யாரு மேல தப்பு? எம் பொண்ணு மேலயா? ஆபீஸ்ல அன்னிக்கு இத கேக்கல நான். வூட்டுக்கு வந்தப்புறம்தான் தோணுச்சி. தோணி இன்னா, அதுக்குள்ள கையெழுத்து வாங்கிட்டீங்க."

சத்தம் கேட்டு உள்ளே இருந்து கீர்த்திகா வந்தாள். சுரேஷைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"சார், இன்னா சார் ஹெல்மெட்டோட நிக்கிறீங்க?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் கேட்டுக் குடித்தார். பையைத் திறக்கவே இல்லை. வண்டியில் திரும்பி ஏறும்போது என்னிடம், "ஐயா எத்தினி மணிக்கு வரச் சொன்னாரு?" என்றார். தெரியாமல் கேட்கவில்லை.

பாகூரில் தாளாளர் வீட்டு முன்கூடம். முறைக்காரர்கள் நால்வரையும் அன்று அங்கே வரச் சொல்லியிருந்தார். சுவர் முழுக்கக் கேடயங்கள். விசாலாட்சி டீச்சர், மகாலட்சுமி, வீரமணி மூவரும் முன்பே வந்திருந்தார்கள். டீச்சர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தற்காலிகம் என்பதால் எனக்கு முறையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. கதவோரம் நின்றேன்.

"வா சுரேஷு, ஒக்காரு. ஆச்சா?" என்றார் தாளாளர்.

சுரேஷ் உட்காரவில்லை. கட்டை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"ஐயா, இந்த மாசம் என் முறை."

"தெரியும்பா. அதான கூப்ட்டேன்."

"என் மடைய அடைக்கல, ஐயா. தெறந்தே இருக்கட்டும்." நின்றுகொண்டுதான் பேசினார். கண்ணைத் தரையில் வைத்துத்தான் பேசினார். ஆனால் பேசினார். "போடணும்னுதான் இருந்தேன். பசங்க என் க்ளாஸு பசங்க ஐயா. போட வரல."

தாளாளர் கேடயங்களுக்குக் கீழே எழுந்து நின்றார். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

"டேய், அது தண்ணி! இது ஸ்கூலு! ஏதோ தமாஷுக்கு மைக்குல சொன்னா…"

"தமாஷுக்கா சொன்னீங்க?" இது விசாலாட்சி டீச்சர். "பொன்னாட போத்திக்கினீங்களே, அதுவும் தமாஷுக்கா?"

"நீ பேசாதம்மா. உன் முறை முடிஞ்சிது." அவர் மற்ற இருவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. மகாலட்சுமி, ஜூலை உனுது."

மகாலட்சுமி டீச்சர் கைப்பையின் ஜிப்பை இழுத்தார், மூடினார், இழுத்தார். வீரமணி, "ஆகஸ்ட்டுல எனக்கு ஸ்போர்ட்ஸ் மீட்டு ஐயா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவரே தொண்டையைக் கனைத்தார். "மடைய அடைக்கிறதுக்கு நான் அந்தப் படம் வரையல ஐயா" என்று மெதுவாகச் சொன்னார்.

"சரி. இன்னியோட முறையும் கெடயாது, ஒண்ணும் கெடயாது. அந்தப் பொட்டிய வையுங்க இங்க."

சுரேஷ் ஜாமெட்ரி பாக்ஸை வைத்தார். அவ்வளவுதான் கூட்டுத் தலைமை.

ஆனால் முறையை ஒழித்த கையோடு கையெழுத்துப் போட அவரிடம் ஆள் இல்லை. புதுத் தலைமையாசிரியரைத் தேடிப் பிடித்து, கல்வித்துறைக்கு எழுதி, ஒப்புதல் வாங்கி வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. அதற்குள் பத்தாம் வகுப்பு தொடங்கிவிட்டது. கீர்த்திகா உட்பட எல்லாரும் புத்தகம் வாங்கி, வருகைப் பதிவில் பெயர் ஏறி, உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் பிடித்து வெளியே அனுப்பினால் ஊர் பேசும். ஊர் பேச்சென்றால் தாளாளருக்குப் பயம். பயம் ஒரு பக்கம் மட்டும் இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

புதியவர் வந்ததும் முதல் வேலையாக விசாலாட்சி டீச்சரை மூலக்குளத்துக்கு மாற்றினார். கணக்கு கிடையாது. எல்.கே.ஜி. பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்கும் மேற்பார்வை. "வூட்டுக்குப் பக்கத்துலயே போட்டிருக்கோம் டீச்சர், வயசாவுது இல்ல" என்றார்களாம். சுரேஷ்குமாரைக் கரையாம்புத்தூருக்குத் தூக்கி அடித்தார்கள். மூலக்குளத்துக்காரர் தினமும் அவ்வளவு தூரம் அலையட்டும் என்பது தண்டனை. அலைகிறார். பத்தாம் வகுப்புக்கு வாரம் முழுக்க அறிவியல் எடுக்கிறார். ஆய்வகத்தை மறுபடி பூட்டிவிட்டார்கள். மகாலட்சுமி டீச்சர் எங்களைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார். வீரமணி மட்டும் பாகூரில் துடைப்பத்தைத் தோளில் சாய்த்து நின்று ஒரு படம் எடுத்து, "கூட்டுத் தலைமை நீடூழி வாழ்க" என்று எல்லோருக்கும் அனுப்பினார். விசாலாட்சி டீச்சர் அதற்குச் சிரிக்கவில்லை. "வெக்கமில்லாம சிரிக்கிறான் பாரு" என்றார்.

சனிக்கிழமைகளில் அவர் கரையாம்புத்தூர் போகிறார். யாரும் அனுப்பவில்லை, அனுமதியும் கேட்கவில்லை. கோயில் பக்கத்துச் சமுதாயக்கூடத்தில், வெளியே போகவேண்டியிருந்த அந்தப் பிள்ளைகளுக்கு மதியம் வரை கணக்கு. பாகூரிலிருந்தும் மூலக்குளத்திலிருந்தும்கூடச் சில பிள்ளைகள் பஸ் பிடித்து வருகிறார்கள். அவரால் முடியாத வாரம் சுரேஷ் எடுக்கிறார், அவருக்கும் முடியாவிட்டால் நான். யாருக்கு எந்த வாரம் என்று எழுதி வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை போனில் கேட்டுக்கொள்கிறோம். சுரேஷ் இப்போது உட்கார்ந்து பேசுகிறார் என்று குரலிலேயே தெரிகிறது.

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். டீச்சருக்கு முட்டி வீங்கியிருந்தது. நிற்க முடியாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கரும்பு லாரி கிளப்பிவிட்டுப் போன புழுதியைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்.

"கீர்த்திகா தேறிடுவாளா டீச்சர்?"

கேட்டிருக்கக் கூடாது. லாரியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் ரிசல்ட்டு கேக்க ஆரம்பிச்சிட்டியா? தேறாம போனா அவள உள்ள வச்சது தப்பாயிடுமா? தேறலாம், தேறாம போலாம். மறுபடி எழுதலாம். இத்தினி நாளு நம்ம முறை. பரீட்ச அன்னிக்கு அவ முறைடி. அவ பேனா, அவ பேப்பரு. அதுல யாரும் வந்து மம்புட்டி வைக்கத் தேவயில்ல, நீயும் நானும்கூட."

பஸ் வந்தது. நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றது. முட்டி வலியோடு ஓடிப் போய் ஏறினவர், உள்ளே நுழைந்ததுமே நடத்துனரைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டார்.